உங்கள் இதயத்தை ஒட்டுக் கேட்கும் குட்டிப் பெட்டி!

"டாக்டர், வீட்ல இருக்கறப்போ திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்... அப்புறம் தானா நின்னுடறது."

"ஈ.சி.ஜி. நார்மலாத்தான் இருக்கு மாமி."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

ஆதம்பாக்கத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழும். மாமி பொய் சொல்லவில்லை. ஈ.சி.ஜி.யும் பொய் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. பேப்பரில் பதிவாவது சுமார் பத்து விநாடி சமாசாரம். அதில் சிக்குவது பன்னிரண்டு, பதிமூன்று துடிப்பு. ஒரு நாளைக்கு நம் இதயம் துடிப்பதோ ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை! ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து போகிற திருடனைக் காலையில் பதினொரு மணிக்கு வந்து தேடினால் எப்படி அகப்படுவான்?

"வயசாச்சு, எதையாவது நினைச்சுண்டு படுத்துக்கறா" என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிற விஷயமும் இல்லை இது. படபடப்பு பெரும்பாலும் சாதுவானதுதான். ஒரு டம்ளர் கூடுதல் காபி, தூக்கமின்மை, ரத்தசோகை, தைராய்டு, டென்ஷன்... ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற ஒரு ஆசாமியும் ஒளிந்திருப்பான். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கும், உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட சுமார் ஐந்து மடங்கு அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சரியானவர்களுக்குச் சரியாகக் கொடுத்தால் அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைகிறது.

ஆனால் மருந்தைக் கொடுக்க ஆதாரம் வேண்டும். கோளாறு நடக்கிற நேரத்தில் எடுத்த பதிவு வேண்டும். அதற்குத்தான் 'ஹோல்ட்டர்' என்கிற குட்டிப் பெட்டியை மாட்டி, "ஒரு நாள் போட்டுண்டு வழக்கம்போல இருங்கோ" என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்புகிறார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. ஒரு சின்ன பாட்டரி. மார்பில் ஒட்டிய ஐந்தோ ஏழோ ஸ்டிக்கர். ராத்திரி பகலாக ஒரு துடிப்பு விடாமல் பதிவு செய்கிறது. பார்ப்பதற்கு அல்ப விஷயம் மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால், 'அடேயப்பா!' என்பீர்கள்.

38 கிலோ மூட்டை!

இந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்தவர் நார்மன் ஹோல்ட்டர். அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்து விஞ்ஞானி. நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியின் எடை என்ன தெரியுமா? சுமார் 38 கிலோ! மூட்டை மாதிரி முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைச் சுமந்துகொண்டு நடந்தால் நல்ல இதயத்துக்கே படபடப்பு வரும்.

அதற்கும் முன்னால் கதை இன்னும் வேடிக்கை. ஹாலந்தில் லைடன் நகரத்து வில்லெம் ஐன்தோவன், 1900-களின் ஆரம்பத்தில் முதல் நல்ல ஈ.சி.ஜி. கருவியைச் செய்தார். எடை 270 கிலோவுக்குக் குறையாது. இயக்குவதற்கு ஐந்து பேர். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசு.

ஏன் அவ்வளவு பெரிய மெஷின்? ஏனென்றால் ஐன்தோவனிடம் ஆம்ப்ளிஃபையர் இல்லை. இதயத்தின் சின்ன மின்சாரம் நேராக ஒரு மெல்லிய இழையை அசைக்க வேண்டியிருந்தது. அந்த இழை அசைவதற்குப் பிரமாண்டமான காந்தம் தேவைப்பட்டது.

ஆயிரத்தில் ஒரு வோல்ட்

டார்ச் லைட் பாட்டரி ஒன்றரை வோல்ட். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் நம் தோலின் மேல் வந்து சேரும் மின்சாரம் சுமார் ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையின் சிக்னல் இன்னும் மோசம். இதய சிக்னலில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் நூறில் ஒரு பங்குதான். அந்த முனகலைப் பெரிதாக்கிக் காட்ட ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரைத் தெரியாதவர்கள் யார்? ஆடி மாசம் கூழ் வார்க்கிற அன்றைக்குத் தெருமுனையில் காலை ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் பாட்டு போடுகிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கிற பெட்டிதான். சின்ன சத்தத்தைப் பெரிய சத்தமாக்குவது அதன் தொழில். ஹோல்ட்டருக்குள் இருப்பதும் அதே ஜாதிதான். ஆனால் இதற்கு ஸ்பீக்கர் கிடையாது. தெருவையே எழுப்பத் தேவையில்லை. கேட்கிற காது மட்டும் ரொம்பக் கூர்மையாக இருக்க வேண்டும். அதோடு, சாப்பாடு ரொம்பக் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்! கோயில் மைக் செட் நூறு வாட் தின்னும். இது அப்படித் தின்றால் பாட்டரி தெரு தாண்டாது.

கரண்ட்டே எதிரி

நம் வீட்டுச் சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுகிறது. ஃபேன், ஃப்ரிட்ஜ், டியூப் லைட் என்று சுற்றிலும் ஓயாத ஹம்மிங். நம் உடம்பு ஒரு ஆண்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்கிறது. ஷாக் அடிக்கிற அளவுக்கு அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் இதயத்தின் ஒரு மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால் அது பூதம். மீன் மார்க்கெட் நடுவில் நின்றுகொண்டு குழந்தை மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி வேலை.

இதற்கு இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த வழி தராசு. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாது, இல்லையா? ஒரு கிலோ வைத்தாலும் சரி, ஒரு டன் வைத்தாலும் சரி. இந்த ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு தட்டு. உடம்பின் இரண்டு இடங்களிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, வித்தியாசத்தை மட்டும் பெரிதாக்கும். வீட்டுக் கரண்ட்டின் ஹம்மிங் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் ரத்து. இதயத்தின் சிக்னல் இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனால் தங்குகிறது. நல்ல ஆம்ப்ளிஃபையர் பொதுவான ஹம்மிங்கை லட்சத்தில் ஒரு பங்காக நசுக்கிவிடும்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். ஈ.சி.ஜி. எடுக்கும்போது இரண்டு கை, இரண்டு கால் என்று நாலு கிளிப் போடுகிறார்கள். இதில் வலது கால் கிளிப் (நம் ஊரில் பெரும்பாலும் கறுப்பு) இதயத்தை அளக்கவே இல்லை! ஐன்தோவன் மூன்று வாளிதானே வைத்தார்? இந்த நாலாவது எதற்கு? உடம்பில் ஏறியிருக்கிற ஹம்மிங்கை மெஷின் கவனித்து, அதற்கு நேர் எதிரான ஒரு துளி மின்சாரத்தை வலது கால் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூஜ்யம். மற்ற கிளிப்புகள் கேட்பதற்கு. இது ஒன்று மட்டும், "கொஞ்சம் சும்மா இரு" என்று உடம்போடு பேசுவதற்கு.

அடுத்த எதிரி நம் தோல். ஸ்டிக்கரில் உள்ள உலோகமும் ஜெல்லும் தோலும் சேர்ந்தால் அதுவே ஒரு குட்டி பாட்டரி மாதிரி ஆகிவிடும். இது இதய சிக்னலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாகக்கூட இருக்கலாம். 300 மில்லிவோல்ட் வரை தாங்க வேண்டும் என்றே இந்தக் கருவிகளுக்கு விதி இருக்கிறது. ஸ்டிக்கர் அசைந்தால் இந்த அளவும் அசையும், பேப்பரில் கோடு மலையேறி இறங்கும். இதயக்கோளாறு மாதிரியே ஏமாற்றும்.

குழாய்த் தண்ணீர் ரகசியம்

வெளி எதிரிகளைச் சமாளித்தாயிற்று. உள்ளே ஒருத்தன் இருக்கிறானே! ஆம்ப்ளிஃபையரே லேசாக 'உஸ்ஸ்' என்று இரைகிறது. ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது கேட்குமே, அந்த மாதிரி. அந்த இரைச்சல் இதயத்தின் முனகலைவிடப் பெரிதானால் எல்லாம் வீண்.

இது ஏன் வருகிறது? வெயில் காலத்தில் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஒரு சொட்டு சீக்கிரம் வரும், அடுத்தது தாமதமாக வரும். ஒழுங்கே இருக்காது. குழாயை நன்றாகத் திறந்தால் ஒரே சீராகக் கொட்டும். மின்சாரமும் அப்படித்தான், எலெக்ட்ரான் எலெக்ட்ரானாகச் சொட்டுகிறது. குறைந்த கரண்ட்டில் ஓட்டினால் ஒழுங்கின்மை ஜாஸ்தி, அதுதான் இரைச்சல். கரண்ட்டைக் கூட்டினால் சீராகிறது. ஆனால் கணக்கு கறாரானது. இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் நாலு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும்!

பாட்டரி சின்னது. இரைச்சலும் கூடாது. இந்த இக்கட்டில்தான் டிசைன் செய்கிறவரின் சாமர்த்தியம் இருக்கிறது. காபி போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல் டிகாக்‌ஷன் திக்காக இறங்கவில்லை என்றால் அப்புறம் எவ்வளவு நல்ல பாலை ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. அதே மாதிரி, ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் முதலில் நுழையும் டிரான்ஸிஸ்டர்தான் முக்கியம். அங்கே சேரும் இரைச்சலை அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். ஆகவே இருக்கிற கரண்ட்டில் பெரும்பங்கை முதல் ஜோடி டிரான்ஸிஸ்டருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேரைப் பட்டினி போடுகிறார்கள்!

இன்னொரு சௌகரியம், இதயம் ரொம்ப நிதானமான பேர்வழி. பாட்டுக்கு விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை கேட்க வேண்டும். இதயத்துக்கு நூற்றைம்பது போதும். அதற்கு மேல் வருவதை வடிகட்டிவிட்டால் இரைச்சலிலும் பெரும்பகுதி ஒழிகிறது.

இதெல்லாம் சேர்ந்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அனலாக் டிவைசஸ் கம்பெனியின் ஏடி8232 என்ற ஈ.சி.ஜி. சிப், நகத்தைவிடச் சின்னது. அது எடுத்துக்கொள்வது சுமார் 170 மைக்ரோ ஆம்பியர். வாட் கணக்கில் சொன்னால், ஒரு வாட்டில் ஆயிரத்தில் அரைப் பங்கு. எடை மெஷினில் போடுகிற பட்டன் பாட்டரி ஒன்று இருந்தால் அந்த சிப் மட்டும் ஐம்பது நாளுக்கு மேல் ஓடும். (பதிவு செய்வதற்கும், ரேடியோவில் அனுப்புவதற்கும் ஆகிற செலவு தனி. அதுதான் உண்மையில் பாட்டரியைக் குடிக்கிறது.) இதையும் மிஞ்சினார்கள் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ரீட் ஹாரிசனும் கேமரன் சார்ல்ஸும். மூளை அலைகளுக்காக, ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தின்னாத ஆம்ப்ளிஃபையரை 2003-இல் காட்டினார்கள்.

26 பேஸ்மேக்கர் போட்ட மனிதர்

கரண்ட் சிக்கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆர்னே லார்சனின் கதை போதும். ஸ்வீடன் தேசத்துக்காரர். 1958 அக்டோபரில், உலகத்திலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர். அந்த முதல் கருவி எத்தனை வருஷம் ஓடியது? வருஷமா? சில மணி நேரம்! மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள்... வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர். மனிதர் அசரவில்லை. 2001-இல் காலமானபோது வயது 86. பேஸ்மேக்கரைச் செய்துகொடுத்த இன்ஜினீயரும், அதை உள்ளே வைத்த சர்ஜனும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

1972 முதல் லித்தியம் பாட்டரி வந்தது. இன்றைய பேஸ்மேக்கர் பத்து வருஷத்தை ஒட்டி உழைக்கிறது. அது சும்மா அடித்துக்கொண்டே இருப்பதில்லை. முதலில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் காது கொடுத்துக் கேட்கிறது. இதயம் தானாகத் துடித்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். துடிக்கவில்லை என்றால் மட்டும் ஒரு தட்டு தட்டும். கேட்கிற வேலை பத்து வருஷமும் ஒரு நொடி ஓயாது. அது கொஞ்சம் அதிகமாகக் கரண்ட் தின்றால்கூட, ஆபரேஷன் தியேட்டருக்கு மறுபடி முன்னதாகவே போக வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில்...

கரண்ட் நிச்சயமில்லாத ஊர்களுக்கு ஈ.சி.ஜி. போக வேண்டும் என்று பெங்களூரில் ஜி.இ. கம்பெனி இன்ஜினீயர்கள் 2008 வாக்கில் 'மேக் 400' என்ற மெஷினைச் செய்தார்கள். பாட்டரியிலும் ஓடும், பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். பிரிண்டருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் வைத்து டிக்கெட் அடிக்கிற மெஷினில் இருக்கிற குட்டி பிரிண்டரைப் பொருத்திவிட்டார்கள். அப்போது சாதாரண மெஷின் 2000 டாலர் என்றால் இது 800 டாலராக இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு என்ன பலன்? மாரடைப்புக்காக டாக்டர்கள் நடத்திய 'தமிழ்நாடு ஸ்டெமி' திட்டத்தைப் பாருங்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உடனே சிகிச்சையை ஆரம்பிப்பது இதன் ஏற்பாடு. 2420 நோயாளிகளைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட முடிவு என்ன சொன்னது? ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. எல்லாப் பெருமையையும் மெஷினுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஈ.சி.ஜி. நோயாளி இருக்கிற இடத்துக்கே போனதால்தான் இது சாத்தியமாயிற்று.

ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி தாண்டினால் ஐ.ஐ.டி. அதன் ரிசர்ச் பார்க்கில், குறைந்த விலை மருத்துவக் கருவிகளுக்காகவே 2011 முதல் ஒரு மையம் இயங்குகிறது. ரத்தக் குழாயின் விறைப்பை அளக்கும் 'ஆர்ட்சென்ஸ்' அங்கே உருவானது. அது மின்சாரத்தைக் கேட்பதில்லை, ஒலி அலையைக் கேட்கிறது. ஆனால் உடம்பின் முனகலைச் சின்னப் பெட்டியில் பிடிக்கிற பாடு ஒன்றுதான்.

வாட்ச்சை நம்பலாமா?

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கிவந்த வாட்ச் ஈ.சி.ஜி. எடுக்கிறதாமே? எடுக்கிறது. 2018-லிருந்தே அப்படிப்பட்ட வாட்ச்சுகள் வருகின்றன. ஒரு மணிக்கட்டு, எதிர்க்கை விரல், அவ்வளவுதான் தராசின் இரண்டு தட்டு. துடிப்பு சீராக இருக்கிறதா, தாறுமாறா என்று சொல்லும். படபடப்பு வந்த நிமிஷத்தில் எடுத்து வைத்தால் டாக்டருக்கு உபயோகம். ஆனால் இதயத்தை அது ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது. ஆகவே நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஹோல்ட்டருக்குத் தேதி வாங்கவும் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெட்டி மாட்டிக்கொள்ளும் நாளில்...

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி வேலை உங்கள் கையில். அன்றைக்குக் காலையில் நன்றாகக் குளித்துவிட்டுப் போங்கள், பெட்டி மாட்டியபின் அதை நனைக்கக்கூடாது. மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் வேண்டாம். டெக்னீஷியன் பஞ்சால் தோலை அழுத்தித் தேய்த்தால், ஆண்களுக்கு முடியை மழித்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள். செத்த தோல் போனால்தான் ஆம்ப்ளிஃபையருக்குக் காது கேட்கும்.

தளர்ச்சியான காட்டன் உடை போதும், இறுக்கமான நைலான் வேண்டாம். செல்போனைச் சட்டைப் பையில் பெட்டிக்கு ஒட்டினாற்போல் வைக்க வேண்டாம். மிக்ஸி, கிரைண்டர் போடலாமா? தாராளமாக. அவற்றின் கரண்ட்டைவிட, மாவு வழிக்கும்போது உங்கள் தோள் தசை எழுப்புகிற மின்சாரம்தான் பதிவில் ஜாஸ்தி கிறுக்கும். தசைக்கும் சிக்னல் உண்டு! ஏ.சி. ரூமில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஈ.சி.ஜி. எடுத்தால் கோடு முள் முள்ளாக வருவதும் இதனால்தான். ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, அன்றைக்கு மட்டும் நோயாளி வேஷம் போடாதீர்கள். பலர் பெட்டியை மாட்டிக்கொண்டு நாள் பூரா சாய்வு நாற்காலியில் படுத்துவிடுகிறார்கள். அப்புறம் எப்படிப் படபடப்பு வரும்? வழக்கமாக நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போவீர்களானால் அன்றைக்கும் நடந்தே போங்கள். மாடி ஏறுவீர்களானால் ஏறுங்கள். மாத்திரைகளை நிறுத்தவோ, நேரம் மாற்றவோ டாக்டர் சொன்னால் மட்டுமே செய்யுங்கள்.

ஒரு நாளில் அகப்படாவிட்டால் மனம் தளர வேண்டாம். இரண்டு வாரம் வரை ஒட்டிக்கொண்டே இருக்கக்கூடிய பட்டைகள் இருக்கின்றன. எப்போதோ மாசத்துக்கு ஒரு தடவை மயக்கம் வருகிறவர்களுக்குத் தோலுக்கு அடியிலேயே வைத்துவிடுகிற, இரண்டரை கிராம் எடையுள்ள, மூன்று வருஷம் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடிய கருவி 2014-லிருந்து உண்டு. எது வேண்டும் என்று உங்கள் இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியோடு ஒரு டைரி தருவார்கள். பெரும்பாலோர் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கிறார்கள். 'மாலை 4.10, மாடியில் துணி உலர்த்தும்போது படபடப்பு, ஒரு நிமிஷம்' என்று நேரத்தோடு ஒரு வரி எழுதினால் போதும், லட்சம் துடிப்பில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக் கடிகாரத்துக்கும் பெட்டியின் கடிகாரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று மாட்டும்போதே டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ஹால் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்!